என் சீட்டில் போன நாத்தனார்

எங்கள் மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. நெம்மேலிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம் போட்டபோது, வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திட்டிக் கூட்டிவந்தவளும் நானே. "இன்னாடி வெக்கம்? நாலு புள்ள பெத்தப்போ எங்க போச்சு இந்த வெக்கம்?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். மசியாதவள் என் நாத்தனார் ஒருத்திதான். "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி" என்றுவிட்டாள். சரி, எங்கள் செருப்புக்காவது காவலுக்கு வாடி என்று இழுத்துப்போனேன்.

வகுப்பறையில் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். எல்லாரும் போய் வந்தாயிற்று, கடைசியில் என் முறை. திரைக்கு அந்தப் பக்கம் தட்டில் ஏதோ இரும்புச் சாமான் 'டங்' என்றது. அவ்வளவுதான், நான் வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். தலைவி ஓடினாள் என்று தெரிந்தால் மானம் போய்விடுமே! நாத்தனார் கையில் என் பேர் எழுதிய சீட்டைத் திணித்தேன். "என் பேரச் சொல்லிடு, என் கண்ணுல்ல!" பாவி மகள், எனக்காகப் போனாள்.

பதினைந்து நாள் கழித்து நர்சம்மா வீட்டுக்கே வந்தார். முகாமில் எடுத்ததில் என் பேரில் ஏதோ மாற்றம் தெரிகிறதாம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமாம்.

ஐயோ, வீடே ரெண்டுபட்டது. ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு தராத என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சோறு வடித்தார். அது கஞ்சியாகக் குழைந்திருந்தது, அதையும் அழுதுகொண்டே தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், சீட்டு விஷயம் என் புத்திக்கு வரவேயில்லை. பேர் என்னுடையது என்றதும் நோயும் என்னுடையது என்றே நினைத்துவிட்டேன். நாத்தனார் என் காலைக் கட்டிக்கொண்டு என்னைவிட ஓங்கி அழுதாள். "எங்கள வுட்டுட்டுப் போயிடாத அண்ணி..." சட்டென்று நிறுத்தி மூக்கைத் துடைத்தாள்.

"அண்ணி, அன்னிக்கு உள்ள போனது நான்தான?"

என் அழுகை நின்றது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன், இழுத்து அணைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். டாக்டரம்மா என் பெயரைக் கூப்பிட, ரெண்டு பேரும் எழுந்து நின்றோம். நடந்ததைச் சொன்னதும் அந்தம்மா திட்டிய திட்டு இருக்கிறதே, நான் ஊரையே திட்டியதெல்லாம் ஒன்றுமேயில்லை! நாத்தனாரை ரெண்டு மூணு தடவை வரவழைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் புத்துநோயா மாறல, இப்பவே வந்ததால சின்ன வைத்தியத்துலயே சரி பண்ணிடலாம்" என்றார். என்னையும் பரிசோதிக்காமல் விடவில்லை. நாத்தனார் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "போ அண்ணி, நான் காவலுக்குக் கீறேன்." உள்ளே ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது, அவளுக்கும் குணமாகிவிட்டது. இப்போதெல்லாம் முகாம் என்றால் பெண்களைக் கூட்டிவரப் போவது அவள்தான். ஒவ்வொரு வாசலிலும் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொல்வாள்:

"எங்க அண்ணி பயந்து ஓடுச்சு. அதனாலதான் நான் இன்னிக்கு உசுரோட கீறேன்."