உடப்பில் பிள்ளைகளோடு கரைவலை இழுத்தோம்

சித்திரை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. போன வருடம் நீர்கொழும்பில் ஓர் அலை என் பேத்தி நிலாவைப் புரட்டிவிட்டது. ஒன்பது வயது. அதன்பின் அவள் கடலில் கால் நனைக்கவில்லை. இந்த முறை அவளே சொன்னாள்: "உடப்பில கடைசிவரைக்கும் வலை இழுப்பன் அம்மப்பா. ஆனா காஞ்ச மணல்ல நிண்டுதான்." அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல்நாள் சிலாபத்தில் தங்கினோம். காலை ஐந்தரைக்கு வாடகை வான் ஒன்றில் புறப்பட்டு, முந்தல் போகும் வீதியில் பத்துளு ஓயாச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினோம். மீற்றர் இருபத்தாறு கிலோமீற்றர் காட்டியது. போய்வர ஒன்பதாயிரம் ரூபாய். ஆறேகாலுக்கு உடப்புக் கடற்கரையில் நின்றோம். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் அனுமதி கேட்டோம். "பிடிங்க, பிடிங்க, ஆள் காணாது" என்றார். மகள் வதனி, மருமகன் குமரன், நிலா, அவள் தம்பி ஆதி, நான், ஐந்து பேரும் கயிற்றில் சேர்ந்தோம். நிலா கவனமாகப் பார்த்துக் கயிற்றின் வால்பக்கத்தைப் பிடித்தாள். தண்ணீருக்கு வெகு தூரம்.

கரைவலையின் முறை அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பிடித்த இடத்தில் நின்று இழுப்பதல்ல அது. இழுத்தபடி பின்னால் நடக்க வேண்டும். வால்பக்கம் வந்தவர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்புக்குப் போய், முதல் ஆளாகத் திரும்பப் பிடிக்க வேண்டும். சைக்கிள் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போன கண்ணி சுற்றி முன்னால் வந்தே தீரும்.

நிலா விடவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ராசன் என்பவர் சிரித்தார்.

"என்ன புள்ள, கயிறு உங்க வீட்டுதா? விட்டுட்டு முன்னுக்குப் போ."

"விடமாட்டன். கடைசிவரைக்கும் இழுப்பன் எண்டு சொல்லிட்டன்."

"கடைசிவரைக்கும் இழுக்க முன்னுக்குத்தான் போகணும்."

"தண்ணிக்குள்ள நிக்கமாட்டன்."

"அப்ப மீன் உன்னத் தேடி நடந்து வருமா?"

கயிற்றில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். "அக்காவுக்குப் பயம்!" என்று ஆதி கத்தினான். நிலா கயிற்றை விட்டுத் தள்ளிப்போய் நின்றாள். குமரன் கூப்பிட்டார்: "இழுத்தது காணும் பிள்ள, வானுக்குள்ள இருப்பம் வா."

"இல்லப்பா. வலை இன்னும் வரேல்ல."

ஐந்து நிமிடம் போயிருக்கும். திடீரென்று விறுவிறுவென்று விளிம்புக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். வதனி பின்னால் ஓடிப்போய் நின்றாள். அலை கணுக்கால்வரை வந்தது. நிலா கூச்சலிட்டாள், ஆனால் ஓடவில்லை. ஓட வேண்டுமென்றால் கயிற்றை விட வேண்டுமே! அப்படியே இழுத்தபடி பின்னால் நடந்தாள். வால்பக்கம் வந்ததும் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டு முன்னால் போனாள். இரண்டாம் முறை கண் திறந்திருந்தது. நான்காம் முறை அலை முழங்காலில் அடித்தது. "இதுக்கெல்லாம் பயப்படக் கூடாது" என்று ஆதிக்குப் புத்தி சொன்னாள். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. எனக்கே மூச்சு வாங்கியது.

எட்டரைக்கு வலையின் மடி, மீன் சேரும் பை, கரை தட்டியது. நெத்தலியும் கொஞ்சம் சாளையும்தான். கயிறு பிடித்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. சம்மாட்டி நிலாவின் தொப்பியில் இரண்டு கை மீன் அள்ளிப்போட்டார். காசு கொடுக்கப் போனோம், வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஆறரைக்கு முன் அங்கே இருங்கள், ஒன்பதுக்குமேல் மணல் சுடும், நிழலும் இல்லை. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி. கயிறு சின்னக் கைகளை உரசும், பழைய காலுறைகளைக் கையுறையாகப் போட்டுவிடுங்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வேண்டாம். விளிம்பில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு பெரியவர் நிற்கட்டும்.

இன்னொன்று. கடலில் இறங்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்கிற பிள்ளைக்கும் மாற்று உடுப்பு எடுத்துப்போங்கள். நாங்கள் ஆதிக்கு மட்டும்தான் கொண்டுபோயிருந்தோம். நிலா கொழும்புவரை குமரனின் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.