இத்தாலிக் கரையில் ஓர் உகந்தை

போன ஞாயிறு காலை மகள் என்னை ஸ்காபரோ பிளவ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கால்மணி நேரம்கூட ஆகாது. இருபத்தாறு வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். ஏரிக்கரையின் அந்த மண்மலை விளிம்பில் நான் கால்வைத்தது மூன்றே தடவை. அதில் இரண்டு பார்பிக்கியூவுக்காக. டொக்டர் எனக்குச் சீனி கூடிவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து மகள் என்னை நடக்கவைப்பதே வேலையாக இருக்கிறாள். சப்பாத்து வாங்கித் தந்தாள், முதுகுப்பை வாங்கித் தந்தாள், ஊன்றிக்கொள்ள இரண்டு தடிகளும் வாங்கித் தந்தாள். தடிகளை நான் காரிலேயே விட்டுவிட்டேன். யாராவது தமிழாட்கள் கண்டால் என்ன நினைப்பார்கள், சொல்லுங்கள்.

வழியில் ஒரு மரத்தின் முன்னால் நின்றுவிட்டேன்.

"அப்பா, கமோன், இன்னும் ஹாஃப் வேகூட வரேல்லை" என்றாள் மகள்.

நான் நின்றது இளைப்பால் இல்லை. மரத்தில் யாரோ வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. வெட்டப்போகிற மரமாக இருக்கலாம். விளிம்பு இடிந்துகொண்டு வருகிறது அல்லவா. எனக்கு அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் கண்டதும் பெருஞ்சீரக வாசம் வந்தது. சிரிக்காதீர்கள். அங்கே பெருஞ்சீரகம் எதுவும் இல்லை, நல்லாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

அந்த வாசம் இத்தாலியில் இருக்கிறது. ஜெனோவாவுக்குக் கிழக்கே, கடலுக்கும் மலைக்கும் இடையில் நசுங்கிப்போய்க் கிடக்கும் ஒரு சின்ன ஊர். கனடாவுக்கு வழி கிடைக்கும்வரை ஒரு கோடைகாலம் முழுக்க அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பக்கத்துத் தொட்டியில் மீன் வெட்டுகிறவர் பரமண்ணை. மட்டக்களப்புக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் யாழ்ப்பாணத்தான் என்பதை முதல் நாளே மன்னித்துவிட்டார். "மனே" என்று கூப்பிடுவார். மட்டக்களப்பில் பிள்ளையைப் போல அன்பாகக் கூப்பிடுகிற சொல் அது. என் அப்பாகூட என்னை அப்படி ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை எங்களுக்கு வேலையில்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். நாங்கள் ஹோட்டலின் பின்படியில் குந்தியிருந்து, மலைக்கு ஏறுகிற வெள்ளைக்காரரை வேடிக்கை பார்ப்போம். எனக்கு அது தீராத புதினம். கடல் காலடியில் கிடக்கிறது, குளிக்கலாம். நல்ல நிழல் இருக்கிறது, படுக்கலாம். இவர்கள் தோளில் பையும் கையில் தடியுமாக அந்த வெயிலில் மேலே போகிறார்கள், பின்னேரம் நொண்டிக்கொண்டு இறங்கி வருகிறார்கள். கையில் ஒரு சாமானும் இல்லை. அப்படியானால் எதற்குப் போனார்கள்? நடக்கிறதென்றால் எங்கேயாவது போய்ச் சேரவேண்டும் என்றுதான் நான் வளர்ந்திருந்தேன். பள்ளிக்கூடம், கடை, செத்தவீடு, கோயில்.

விடையைக் கண்டுபிடித்தவர் பரமண்ணை. ஒருநாள் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கல்லைக் காட்டினார். அதில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டை. கொஞ்சம் தள்ளி அடுத்த கல்லிலும் அதே பட்டை. மேலே பார்த்தால் மரத்திலும்.

"கோயில் மதில்ட நிறம் மனே. இது யாத்திரைப் பாதை. மேல என்னவோ ஒரு சாமி இரிக்கு."

எனக்கும் சரியென்று பட்டது. சிவப்பும் வெள்ளையும் வேறு எதற்கு அடிப்பார்கள்? அதோடு இன்னொரு சாட்சியும் இருந்தது. ஊருக்குள் எங்களைத் திரும்பியும் பாராத சனம், அந்தப் பாதையில் எதிர்ப்பட்டால் "புவொன் ஜோர்னோ" என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் போகும். பாதயாத்திரையில் முன்பின் தெரியாதவருக்கு அரோகரா சொல்வது போலத்தான் என்றார் பரமண்ணை.

அவருக்கு அது விளையாட்டில்லை. அவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது மனைவிக்கு ஏழு மாதம். பிள்ளை சுகமாகப் பிறந்தால் மட்டக்களப்பிலிருந்து கதிர்காமத்து முருகனிடம் நடந்துவருவேன் என்று நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை சுகமாகத்தான் பிறந்தாள். அப்பன் நடக்கவில்லை, நடக்கத் திரும்பிப் போகவும் வழியில்லை. ஆறாம் மாதம் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் இழுப்பு, மருந்து, ஆஸ்பத்திரி. மனைவி குறைசொல்லி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆனால் பரமண்ணை கடிதத்தை மடித்துவைத்துவிட்டு மீனை வெட்டுகிற வெட்டில் எனக்கு விளங்கிவிடும். நேர்த்தியைச் செய்யாத குற்றம் பிள்ளையின் நெஞ்சில் வந்து ஏறியிருக்கிறது என்று அவர் முழுதாக நம்பினார். எந்தச் சாமியானாலும் சரி, ஒரு மலைக்கு நடந்துபோய் அதன் காலில் விழுந்து தவணை கேட்கவேண்டும்.

அடுத்த வாரம் வெளிக்கிட்டோம். கறைபட்டதென்று ஹோட்டல்காரர் கழித்துவிட்ட மேசைவிரிப்பை வேட்டியாகக் கட்டியிருந்தார் பரமண்ணை. வெறுங்கால். கையில் தேங்காய், அதற்காகவே ரயிலேறி ஜெனோவாவுக்குப் போய், ஆபிரிக்கக் கடையொன்றில் வாங்கிவந்தது. நான் அரைக் காற்சட்டையோடு பின்னால் போனேன். பாதை கடலுக்கு நேர் மேலே, செங்குத்தான பாறையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு பக்கம் ஒலிவ் மரங்கள், மறுபக்கம் கீழே நீலமாக ஒன்றுமில்லாத வெளி. கரையெங்கும் காட்டுச் செடியாகப் பெருஞ்சீரகம். எங்கள் வீட்டில் கறித்தூளுக்கு வறுக்கும் அதே பெருஞ்சீரகம், யாரும் சீண்டாமல் வெயிலில் நின்று மணத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கண்டதே பெரிய அதிசயம். பரமண்ணைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காலில் இரத்தம் வந்தது, அதுவும் படவில்லை.

உச்சியில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. ஒரு இரும்புக் கம்பி வேலி. பறவைப் படம் போட்ட பலகை. தடிக்காரர் நாலைந்து பேர் பாணைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் இல்லை, மாதா இல்லை, ஒரு சிலுவைகூட இல்லை.

நான் சமையலறையில் பொறுக்கிய இத்தாலியனில் ஒரு மனுசியிடம் கேட்டேன்: இந்தப் பாதை எங்கே முடிகிறது? அவர் என்னைவிடப் பரமண்ணையின் மேசைவிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர், அப்படியே போய்க்கொண்டிருக்கும் என்றார். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். வெறுமனே நடக்கிறோம் என்றார்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். பரமண்ணை தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் நெடுநேரம் இருந்தார். அழப்போகிறார் என்று பயந்துபோனேன். கடைசியில் அவர் எழும்பி, விரிப்பைத் தட்டிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"முடியாத பாதையெண்டா நல்லம்தானே மனே. கதிர்காமத்துக்கு எவ்வளவு தூரம் வேணுமோ அவ்வளவும் இதில இரிக்கு."

இப்படித்தான் தொடங்கியது. அன்றிலிருந்து மூன்று மணிக்கு நடை, ஆறு மணிக்கு மீன். ஊரில் ஒருநாள் நடைக்கு இங்கே மூன்று மத்தியானம் என்று அவரே சட்டம் போட்டார். திரும்பிவரும் தூரம் கணக்கில் சேருமா என்று கேட்டேன். "அது வேலைக்குப் போற தூரம். முருகனுக்கு அதில பங்கில்ல." வெறுங்கால் சட்டம் மட்டும் இரண்டாம் நாளோடு தளர்ந்தது, இத்தாலியன் கல்லு எப்படியென்று முருகனுக்கும் தெரியும் என்று றப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். கதிர்காமப் பாதையில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாக இந்தப் பாதையில் வைத்தார். முதல் வளைவு கல்லாறு. திராட்சைத் தோட்டம் காரைதீவு. தண்ணீர்க் குழாய் இருந்த இடம் திருக்கோவில். சிவப்பு வெள்ளைப் பட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். தடிக்காரரைக் கண்டால் எனக்கு முன்னால் அவர் "புவொன் ஜோர்னோ" சொல்லிவிடுவார், அரோகராவின் அதே இழுப்போடு.

இன்னொன்று சொல்லவேண்டும். பாதயாத்திரையில் எல்லோரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடவேண்டுமாம். பாதையில் கால்வைத்ததும் நான் சாமி. "சாமி, பாத்து வாங்க, கல்லு வழுக்குது." மரியாதையும் கூடவே வந்துவிடும். ஹோட்டல் படியில் ஏறியதும் பழையபடி மனே, கோப்பை. இருபத்துமூன்று வயதில், ஒரு நாட்டிலும் பதிவில்லாமல் திரிந்த என்னை ஒருவர் சாமி என்று கூப்பிட்டார். நடை முடியக்கூடாதென்று நான் ஆசைப்பட்டேன் என்றால் நம்புவீர்கள்தானே.

செப்டெம்பர் கடைசியில் உகந்தைக்கு வந்து சேர்ந்தோம். உண்மையான உகந்தையில் கடலோரப் பாறையில் முருகன் கோயில் இருக்கிறது, அதற்கப்பால் கதிர்காமம்வரை காடு, யாத்திரைக்காரருக்கு நாள் வைத்துத்தான் திறப்பார்கள். இத்தாலியிலும் கடலுக்குள் தலைநீட்டிய ஒரு பெரும் பாறை இருந்தது. அதைத் தாண்டினால் பாதை சுருங்கி, பைன் மரங்களுக்குள், பாறை விளிம்போடு ஒட்டிப் போகும். பரமண்ணை பாறையைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இஞ்ச நிண்டு ஆக்கள் சேரவேணும் சாமி. காட்டுக்க தனியப் போறல்ல. ஒராள் பிந்தினாலும் நிண்டு கூட்டிக்கொண்டுதான் போறது." திங்கட்கிழமை காடு திறக்கிறது என்று முடிவானது. இன்னும் ஆறு மத்தியானம். ஆறாவது நாள் தேங்காய் உடைப்பது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, என்னைக் கனடாவுக்கு அனுப்பவிருந்த ஏஜென்ற்றின் ஆள் தொலைபேசி எடுத்தான். சனிக்கிழமை ரோமில் நிற்கவேண்டும், ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது.

ஜெனோவாவுக்குச் சப்பாத்து வாங்கப் போகிறேன் என்று பரமண்ணையிடம் சொன்னேன்.

"நல்லதா வாங்கு மனே, காட்டுக்க முள்ளு இரிக்கும்" என்றார்.

கனடாவுக்கு வந்த வருடமே அவருக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு வருடம் கழித்து எழுதக் கூச்சம். ஐந்து வருடம் கழித்து அதைவிடக் கூச்சம். பிறகு கலியாணம், பிள்ளை, வீடு என்று சொல்லிக்கொள்ளக் காரணங்களுக்கா பஞ்சம்? மூன்று மாதத்துக்கு முன்னர் இங்கே பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு கலியாண வீட்டில், இத்தாலியில் இருந்துவந்த மட்டக்களப்பார் ஒருவர் பரமண்ணையின் நம்பரைத் தந்தார். மனைவியையும் மகளையும் கூப்பிட்டெடுத்து மிலானில் இருக்கிறாராம். நம்பர் போனிலேயே கிடந்தது. சிவப்பும் வெள்ளையும் இல்லாவிட்டால் இன்னும் கிடந்திருக்கும்.

மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஏரியைப் பார்த்த வாங்கொன்றில் உட்கார்ந்து பரமண்ணைக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னேரம். பெயரைச் சொன்னேன்.

"மனே! உசிரோட இரிக்கியா?"

ஓம் என்றேன். அவருடைய மகளின் சுகம் கேட்டேன். அவளுக்கு இழுப்பு நின்று எத்தனையோ காலம், இப்போது நேர்ஸாக இருக்கிறாள் என்றார். எனக்குத் தைரியம் வந்தது.

"அண்ணை, வாற வருசம் வாறன். அந்த ஆறு நாளையும் நடந்து முடிப்பம்."

"அந்தப் பாத இல்ல மனே. மழைக்கு மலை இறங்கி அப்பிடியே கடலுக்க போயிட்டு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போன வருசம் போனன். இருபத்தஞ்சு வருசம் நீ வருவாய் எண்டு பாத்தன். முழங்கால் ரெண்டும் போற வயசு, இனித் தனிய எண்டாலும் போவம் எண்டு வெளிக்கிட்டன். பாறை இரிக்கு. அங்கால ஒண்டுமில்ல. கம்பி வேலிதான்."

"தேங்காய்?"

"புதுசு வாங்கிப் போனன். வேலியடியில உடைச்சன். ஒரு பாதி உனக்கெண்டு தூணில வச்சிட்டுத் திரும்பிப் பாக்குறன், கடற்காகம் தூக்கிட்டுப் போகுது." அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். "காக்காக்குத்தான் குடுத்துவச்சிரிக்கு மனே."

அவருக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். ஹோட்டலை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள் என்றார். பெருஞ்சீரகம் நிற்கிறதா என்று கேட்டேன், கவனிக்கவில்லை என்றார். முழங்காலுக்கு ஊசி, பேரனின் பள்ளிக்கூடம், மிலான் குளிர் என்று அரைமணி நேரம் கதைத்தார். போனை வைக்கும்வரை மனே, மனே என்றுதான் கூப்பிட்டார். ஒருதடவைகூடச் சாமி என்று கூப்பிடவில்லை.