எச்சிலால் அழித்த பூ

கிளிநொச்சியில் மகளின் பள்ளியில், இலைச்சாற்றால் படம் வரைந்து அதற்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். குசினி அடுப்படியில் அவள் அவரைக்கொடி இலையைக் கசக்கியதும் எழுந்த பச்சை வாசம் என்னை முள்ளியவளை மரத்தடிப் பள்ளிக்கு இழுத்துப் போனது.

போரில் இடம்பெயர்ந்து வந்து அங்கே ஆண்டு நான்கு வகுப்பில் படித்தேன். அரசின் தடையால் கலர்ப்பெட்டி வன்னிக்குள் வராத காலம். அவரை இலையும் மஞ்சளும் அடுப்புக்கரியும் கொண்டுபோய், பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் படம் கீறுவோம். பக்கத்திலிருந்த ரெஜினா சிங்களவர் நிறைந்த நீர்கொழும்பில் பிறந்தவள். அன்று ஒரு பூக் கீறி, அதன்கீழே கரியால் சுருண்ட இரண்டு எழுத்தை அழுத்தி எழுதினாள்.

"என்னடி இது?"

"சிங்களத்திலை பூ எண்டு எழுதினனான். வடிவா இருக்கெல்லோ?"

வடிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆமியின் குண்டுவீச்சில் என் அண்ணா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உள்ளங்கையில் துப்பி அந்த எழுத்தைத் தேய்த்தேன். பூவும் சேர்ந்து கரைந்தது. ரெஜினா அழவில்லை. மிச்ச மஞ்சளை என் பக்கம் தள்ளி, "இந்தா, நீ கீறு" என்றாள்.

ரீச்சர் அந்தத் தாளையும் மற்றப் படங்களோடு மரத்தில் தொங்கவிட்டா. கரி அழுத்திய தடம் அந்தப் பள்ளித் தவணை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த இடப்பெயர்வில் ரெஜினா எங்கே போனாளோ தெரியாது.

"அம்மா, பூவைச் சிங்களத்திலை எப்பிடி எழுதுறது?"

சிங்களம் படிக்காத என் கை இரண்டு எழுத்தையும் பிசகாமல் எழுதியது.

"உங்களுக்கு ஆர் படிப்பிச்சது?"

"என்னோடை படிச்ச பிள்ளை ஒராள்" என்றேன். அழித்த கதையைச் சொல்ல வாய் வரவில்லை.