களுத்துறைப் பாலத்தில் நின்ற நடுக்கம்

மாரியாத்தாளின் பிள்ளைகளே, என் இரண்டு கைகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

இங்கிலாந்து ராணி இலங்கைக்கு வந்துபோன மறு வருஷம். டயகம பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் லொறி டிரைவர். ஆடி மழையில் ஒரு காலை, தேயிலைப் பெட்டிகளோடு இறங்கும்போது வளைவில் லொறி சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த என் மச்சினன் மாணிக்கத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பல மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு வீடு வந்தான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தம்பியைப் பார்த்து என் மனைவி செல்லம்மா அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாணிக்கமும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து, ஓடாமல் நிற்கும் லொறியின் ஸ்டியரிங்கைத் தொட்டால்கூடக் கை நடுங்கும். சோறு பிசையும்போது நடுங்காது. குழந்தையைத் தூக்கும்போது நடுங்காது. லொறி பழுதாகிக் கிடந்ததால் என்னைத் தேயிலை ஃபெக்டரி வேலைக்குப் போட்டிருந்தார்கள். நடுக்கம் யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா கூப்பிட்டு அனுப்பினார்.

"சுப்பையா, பெரிய தொரையோட அக்கா நாளைக்குக் கொழும்பு ரத்மலானையில பிளேன்ல வந்து எறங்குறாங்க. பங்களா டிரைவர் லீவுல போயிட்டான். நீ தொர கார எடுத்துக்கிட்டுப் போயி, அவங்கள பெந்தோட்டையில கடக்கர வீட்ல விட்டுட்டு வா."

வேலை போனால் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். "சரிங்கய்யா" என்றேன்.

சாயங்காலம் மாரியாத்தா கோயிலில் விழுந்து அழுதேன். "தாயே, இந்த நடுக்கத்த எடுத்துரு. இல்லாட்டி இந்தப் பயணத்த நிப்பாட்டிரு." ஒன்றும் நடக்கவில்லை. நெற்றியில் திருநீற்றோடு, அதே கைகளோடு வீட்டுக்கு வந்தேன்.

விடிந்ததும் புறப்பட்டேன். மலையெல்லாம் மேகத்துக்குள் இருந்தது. சாலை எனக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்து, பின்னால் கரைந்துபோனது. கினிகத்தேனை இறக்கத்தில் மூன்று முறை காரை ஓரங்கட்டினேன். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து பின்சீட்டில் உட்கார்ந்தது போல இருந்தது. "தாயே, நீ இருக்கியா?" என்று கேட்டேன். எங்கேயோ ஓர் அருவி விழும் சத்தம் மட்டும் கேட்டது. எப்படியோ உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

விமானத்திலிருந்து கடைசியாக இறங்கினார் ஒரு நரைத்த வெள்ளைக்கார அம்மா. கறுப்புக் கண்ணாடி. ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நான் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நம்ம தோட்டத்து ஆளா?" என்றார். அப்படியே நம் லயத்துத் தமிழ்! "அங்கதாம்ப்பா நான் பொறந்தேன். ஆயா வளத்தாங்க. இப்பக் கண்ணு போச்சு. ஆயா குடுத்த தமிழு மட்டும் போவல."

கண் தெரியாதவரை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போக மனம் வரவில்லை. "தொரசானியம்மா, வண்டி சாஞ்சதுலருந்து எனக்குக் கை நடுங்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன்.

அவர் கதவைத் தடவிக் காரில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, "எனக்குக் கண்ணு இல்ல, ஒனக்குக் கை நிக்கல. மெதுவாப் போவோம். ஏலாட்டி நிப்பாட்டு. ஆனா வழியில என்னா தெரியுதோ எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக்கிட்டே வரணும்" என்றார்.

சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மொறட்டுவையில் மரம் அறுக்கிற பட்டறைகள். வெள்ளைச் சேலையில் விகாரைக்குப் போகும் பெண்கள். தென்னைகளுக்கு நடுவே கடல். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை.

"எப்புடி இருக்கு?"

"நம்ம மலையில காலையில மேகம் படுத்துக் கெடக்குமில்லீங்களா? அந்த மாதிரி. ஆனா மூச்சு விடுதுங்க."

அவர் சிரித்தார். கண்ணாடிக்குக் கீழே ஈரம் வழிந்தது.

களுத்துறைப் பாலம் வந்தது. "சத்தம் மாறுதே, தண்ணிக்கு மேல போறமா?" என்றார். "ஆமாங்க. பெரிய ஆறு. ஒரு தோணி வருது. தோணிக்காரர் நம்மளப் பாத்துத் தலையாட்டுறாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் முடிந்தது. அப்போதுதான் கையைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. "தாயே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"என்னாப்பா?"

"கை நின்னுருச்சுங்கம்மா."

"ஆத்தாவுக்குச் சொல்லு, நானும் கும்புட்டேன்னு."

பொழுது சாயும் நேரத்தில் கடற்கரை வீட்டில் அவரை இறக்கிவிட்டேன். மணலில் வெறுங்காலோடு நின்று, என் இரு கைகளையும் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மலை ஏறும்போதும் நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாணிக்கத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் சொல்லாத மன்னிப்பைக் கேட்டேன். அவன் என் தோளைப் பிடித்து எழுந்தான். "அடுத்த வெள்ளிக்கெழம லொறி செஞ்சு வந்துருமாம், அட்டன் சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க மச்சான். முன் சீட்லதான் உக்காருவேன்" என்றான். செல்லம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாய் வெள்ளைக்காரி வேஷத்தில் வந்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்டது அவள் காதில் விழுந்தது. அது எனக்குப் போதும். உங்களுக்கும் மறைத்து வைத்த நடுக்கம் ஏதாவது இருக்கும். அவளிடம் கேளுங்கள். ஆனால் பதிலை யார் வாயால் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.