ஒரு பக்கம் மட்டும் கேட்ட வெள்ளிக்கிழமை

அத்தாவிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லாமலே இருந்துவிடுவேனோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மராத்தி பேசும் கட்கியில் பஜாருக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் வளைகுடாவில், தமாமில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அவர் எங்களுக்கு வெறும் குரல்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து அவர் சாப்பிட்டு எழும்போது இங்கே நாலு மணி ஆகியிருக்கும். அப்போது கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவார்.

அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. மாடியில் குடியிருந்த கோயம்புத்தூர் அண்ணன், ஐ.டி. கம்பெனிக்காரர், அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒலியைத் தவிர. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஸ்பீக்கரும் மைக்கும் ஊமையாகவே எழுந்திருக்கும். கறுப்புத் திரையைத் திறந்து ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால், எழுத்துகளாலேயே வரைந்த தூண்கள் வரிசையாக வந்து நிற்கும். அடியில் பச்சை, நடுவில் வெள்ளை, உச்சியில் சிவப்பு. அம்புக்குறியை அழுத்தித் தூணை ஏற்றலாம், இறக்கலாம். மைக்கின் தூணில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடியில் சிவப்பு எழுத்து தோன்றும். அப்போதுதான் நாங்கள் பேசுவது அத்தாவுக்குக் கேட்கும். மறுபடி தட்டினால் எழுத்து மறையும். அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கும், எங்கள் குரல் மட்டும் அவருக்குப் போகாது. வீட்டில் இந்த வித்தை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அம்மா அந்தத் திரையைப் பார்த்தாலே ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பாள்.

அந்த வாரம் அரையாண்டுக் கணக்குத் தாள் கையில் கிடைத்திருந்தது. நூற்றுக்குப் பதினேழு. அதைப் பைக்குள் மடித்துச் செருகி, இன்னும் தரவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அத்தா முந்தின வெள்ளியே சொல்லிவிட்டார்: "அடுத்த வாரம் தாளோட வந்து உக்காரு. ஒவ்வொரு கணக்கா வாசிச்சுக் காட்டணும்."

நான் தாளோடு உட்காரவில்லை. வழக்கம்போலத் தூண்களை ஏற்றிவிட்டு, மைக்கின் ஸ்பேஸ் பாரை மட்டும் இன்னொருமுறை தட்டி, வந்த சிவப்பு எழுத்தை மறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது ஸ்பீக்கர். அம்மா பதில் சலாம் சொன்னாள்.

"ஹலோ? என்ன, சத்தத்தையே காணோம்?"

"எங்களுக்கு நல்லாக் கேக்குதுங்க!" அம்மா மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு கத்தினாள்.

"யாராச்சும் பேசுங்களேன்."

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "டேய், அந்தக் கறுப்பு டப்பாவத் தொறந்து ஏதாச்சும் பண்ணேன்டா."

"எல்லாம் பண்ணியாச்சும்மா. நெட்டு ஸ்லோ."

"ஒனக்கு எல்லாமே நெட்டுதான். எக்தம், சுத்தச் சோம்பேறி!" முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணனைக் கூப்பிட மாடிக்கு ஓடினாள்.

நான் தனியாக இருந்தேன். அந்தப் பக்கம் அத்தாவின் அறைத்தோழர் பேசுவது கேட்டது. "லைன் செத்துருச்சுண்ணே. அப்புறமாப் பாப்போம்."

"இருப்பா" என்றார் அத்தா. பிறகு மைக்குக்கு மிக அருகில் வந்து, "தம்பி, நீயாச்சும் இருக்கியாடா? இருந்தா ஒரு கொரல் குடு."

வீட்டில் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மூச்சு விடாமல் இருந்தேன், அது கேட்காது என்று தெரிந்தும்.

"கேக்குதோ கேக்கலையோ, சொல்லிடுறேன். நாளைக்கு மறுபடியும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. எனக்கு முடியலப்பா. வேலை கெடக்கட்டும், அது செஞ்சிருவேன். லீவு நாள்லதான் முடியல. நான் வந்துடட்டுமா? யாராச்சும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாளைக்கே டிக்கெட் போட்டுருவேன்."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். என் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின்மேல் இருந்தது. ஒருமுறை தட்டியிருந்தால் போதும். தட்டினால் என் திருட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். அவர் வந்துவிட்டால் தினமும் கணக்குத் தாளோடு உட்கார வேண்டியிருக்குமே என்றும் யோசித்தேன். யோசித்து, விரலை எடுத்துக்கொண்டேன்.

"செவுத்துக்கிட்டக் கேட்டா செவுரா பதில் சொல்லும்?" என்று தோழர் சிரித்தார்.

"கேக்காததும் நல்லதுதான்டா. கேட்டிருந்தா அவளால எப்படி வேணாம்னு சொல்ல முடியும்? பாரத்த அவ தலையில போடக் கூடாது" என்று அத்தா அவரிடம் சொன்னார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று தட்டினேன். சிவப்பு எழுத்து வந்தது. கோயம்புத்தூர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாமே சரியாத்தானுங்க்கா இருக்குது" என்றார்.

"ஏங்க, இப்பக் கேக்குதா?"

"ஆங், கேக்குது, கேக்குது!" அத்தா சிரித்தார்.

"இவ்வளவு நேரம் என்னதான் பேசிக்கிட்டிருந்தீங்க?"

"என்னத்தப் பேச? ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன்."

பிறகு குளிர் எப்படி இருக்கிறது, கேஸ் வந்ததா என்று விசாரித்தார். கணக்குத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழைத்தேன் என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். அன்று நன்றாக விளையாடியதாக நினைவு.

மறுவாரம், கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு வருடம், பிறகு இன்னொரு இரண்டு, அதன்பின் மேலும் ஒன்று. அவர் ஒரேயடியாகத் திரும்பியபோது நான் நாக்பூரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தவனிடம், விருந்தாளியிடம் கேட்பதுபோல, பிரயாணம் சௌகரியமா என்று கேட்டார்.

இப்போது கட்கிக்குப் பக்கத்தில் விஷ்ராந்த்வாடியில் எங்களோடுதான் இருக்கிறார். போன மாதம் சாப்பிடும்போது அம்மா எதற்கோ சொன்னாள்: "அப்பவே வந்திருக்கலாம்ல? யாரு வேணாம்னா?" அத்தா சோற்றைப் பிசைந்தபடி, "கேக்கத் தோணல" என்றார். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து போனேன்.

வந்துடட்டுமா என்பது அம்மாவுக்கான கேள்வி, பெரியவர்கள் விஷயம், அதில் எனக்கென்ன என்றுதான் அன்று நினைத்தேன். அந்த நேரத்தில் அங்கே இருந்தது நான் ஒருவன்தான். அவர் கூப்பிட்டதும் என்னைத்தான். வாங்க என்று சொல்ல ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.