முதுகு காட்டிய இருபத்திரண்டு வீடுகள்

சில வருஷம் முன்பு வரை, திருவரங்குளம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஊர் வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியிருந்ததில்லை. கண்மாய்க்கரை திரும்பியதும் வரிசையாக இருபத்திரண்டு கக்கூஸ்கள் தெரியும். அவற்றை ஒட்டி இருபத்திரண்டு கொல்லைச் சுவர்கள், துணி காயும் கொடிகள், சாம்பல் குவியல்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதுதான் எங்கள் நகர். கடைசி வீடு என்னுடையது.

குடித்துவிட்டுக் கட்டியிருந்தால் மன்னித்துவிடலாம். கட்டியவர்கள் எல்லாரும் படித்தவர்கள். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் முடிந்து கச்சேரிகள் என்று நாங்கள் சொல்லும் பெரிய சர்க்கார் ஆபீஸ்கள் திருச்சிக்குப் போனபோது, கூடவே போகாமல் இங்கேயே மிஞ்சிய குமாஸ்தாக்கள். நான் அவர்களுக்குப் பியூன். ஆவூரில் பாதிரிச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. பியூனுக்கு அதுவே பெரிய தகுதி என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஜில்லாக் கச்சேரி சீக்கிரமே திரும்பி வந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். டெல்லிக்கு எழுதியிருப்பதாக ஹெட்கிளார்க் அடிக்கடி சொல்வார். எழுதியதைத் தபாலில் சேர்த்தவன் நான்தான். பதில் என்று எதையும் நான் கொண்டுவந்து கொடுத்ததில்லை. இருந்தாலும் அவர் தலைமையில் ஒரு வீட்டுமனைச் சங்கம் ஏற்பட்டது. ஊருக்கு வெளியே செம்புராங்கல் பொட்டலை வாங்கினார்கள். மழைக்காலத்தில் கண்மாய்த் தண்ணீர் ஏறும் என்று யாரும் தொடாத கடைசி மனை எனக்குக் கிடைத்தது.

பொட்டலுக்குக் கிழக்கே முள்ளுக்காடு, மேற்கே கண்மாய்க்கரை. கச்சேரி வந்தால் முள்ளுக்காட்டில்தான் வரும், அதற்கு முன்னால் அறுபதடி ரோடு போடுவார்கள் என்று ஹெட்கிளார்க் முடிவு செய்தார். ஆகவே எல்லா வாசலும் கிழக்கே, எல்லாக் கக்கூஸும் மேற்கே. சங்கத்துக்காகத் தானே போட்ட மனைப் படத்தில் கச்சேரிக்குக் கொடிமரம்கூட வரைந்திருந்தார்.

சங்கக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ரோடு ஆபீஸ் ஆட்கள் கண்மாய்க்கரையில் சங்கிலி பிடித்து அளந்து கல் நடுவதை நான் பார்த்தேன். பஸ் ரோடு அந்த வழியாகத்தான் என்று அவர்களே சொன்னார்கள். வீட்டில் சொன்னதும், "கூட்டத்துல சொல்லிருங்க, வாசலை மாத்திக்கட்டும்" என்றாள் என் மனைவி.

சொல்வதற்காகத்தான் எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னப்பா எந்திரிச்சுட்ட? தண்ணியா? கொண்டா, கொண்டா. எல்லாருக்கும் கொண்டா" என்றார் ஹெட்கிளார்க்.

நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"தண்ணி குடுத்தேன்."

"பரவால்ல, தாகமாவது தீந்துச்சு" என்றாள்.

அவள் ஆவூர்த் தேர்த்திருவிழாவில் இட்லிக் கடை போட்டவள். ரோட்டோரமாக ஒரு கடை வேண்டும் என்பது ஒன்றைத்தான் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் கேட்டிருந்தாள். "மத்தவங்க காட்டைப் பாத்து ஒக்காரட்டும். நமக்குக் கரைப் பக்கம் வாசல் வையுங்க. ஒரு அடுப்பும் பெஞ்சும் போதும்" என்றாள். ஹெட்கிளார்க்கிடம் போய் நின்றேன்.

"வரிசை கெட்டுப்போயிரும்பா. மனையடி சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்களுக்கு அது கெடையாதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்றேன்.

வீடுகள் எழும்பின. ரோடு கண்மாய்க்கரையில் வந்தது. பஸ்ஸும் வந்தது. கச்சேரிக்காகக் காத்திருந்த முள்ளுக்காட்டை வெட்டித் தைலமரக் கன்று நட்டார்கள். கொல்லையில் ஒரு கதவு வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் சௌகரியம்தான். வைத்தால் கச்சேரி வராது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதற்குப் பதிலாக, பஸ் ரோட்டைக் கிழக்கே மாற்றித் தர வேண்டும் என்று மனு எழுதினார்கள். இருபத்தொரு கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ரோடு ஆபீஸில் வாங்கிக்கொண்ட குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு, ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டுவிட்டார்.

பல வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் காலையில் என் மனைவி ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தாள். என்னிடம் கேட்கவில்லை. கக்கூஸை ஓரத்துக்கு மாற்றிவிட்டுக் கொல்லைச் சுவரில் கடப்பாரையைப் போடச் சொன்னாள். சத்தம் கேட்டு ஹெட்கிளார்க் வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஓய்வு பெற்றுவிட்டாலும் சங்கத் தலைவர் அவர்தான்.

"என்னம்மா இது? சங்கத்துல கேட்டியா?"

"சங்கம் எங்கிட்டுங்கய்யா இருக்கு? முன்னாடியா, பின்னாடியா?"

கொத்தனார் சிரித்துவிட்டார். ஹெட்கிளார்க் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நிறுத்தச் சொல்லு."

"என்னங்க, நிறுத்தவா?" என்று கொத்தனாரும் என்னைக் கேட்டார்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. கீழே விழுந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். 'சரிங்க' என்று சொன்னால் அவள் கடை அதோடு போயிற்று. உள்ளே போனேன். ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தேன். தனக்குத்தான் என்று ஹெட்கிளார்க் கையை நீட்டிவிட்டார். நான் அவரைத் தாண்டிப் போய்க் கொத்தனாரிடம் கொடுத்தேன்.

"குடிச்சுட்டு இடிங்க" என்றேன்.

கடை இப்போது நன்றாக நடக்கிறது. மற்ற இருபத்தொரு வீடும் இன்னும் தைலமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஹெட்கிளார்க் தினமும் இட்லிக்கு வருகிறார். தன் வீட்டுக் கொல்லைச் சுவரை இடிக்காததால் முன்வாசல் வழியாக இறங்கி, தைலமரத்தை ஒட்டி, நகரையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

"சுத்திக்கிட்டா வந்தீங்க அய்யா?" என்பாள் மனைவி.

"நடக்குறது ஒடம்புக்கு நல்லதும்மா" என்று முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

நான் இலையைப் போடுவேன். சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்பார். பானை இருக்கிற மூலையை என் மனைவி கையால் காட்டுவாள். அவரே எழுந்து போய் மொண்டு குடிப்பார்.