தண்ணீர்ப் பெட்டியின் இரண்டாவது சாவி

இரும்பு மூடியின் விளிம்பில் அரம் ஓடிக்கொண்டிருந்தது. கைகள் சற்று நின்று, பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மறுபடியும் ராவின. ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் திறந்துவிடும் வால்வுகளைப் பூட்டிவைக்கும் பெட்டி அது. அதைச் செய்கிற குழாய்க்காரரும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார். அங்கே அவர் கை படாத குழாய் இல்லை.

வால்வை யார் திருப்புவது என்ற சண்டையில் போன வாரம் அவருடைய தங்கை மகனின் மண்டை உடைந்தது. பயந்துபோன குடித்தனக்காரர்கள் கூடி, கீழ்த்தளத்து மளிகைக்கடைக்காரரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டார்கள். தங்கை மட்டும் எழுந்து, "அவரே அநியாயம் பண்ணினா யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்று கேட்டாள்.

"பையன் தலையில தையல் பிரிக்கிறதுக்குள்ள உனக்கு வாய் நீளுதே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பூட்டுக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்றைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, மற்றதைக் குழாய்க்காரர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டியைப் பொருத்தி முடித்ததும் கடைக்காரர் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். "இன்னொரு சாவி எங்கண்ணே?"

"அது என்கிட்ட இருக்கட்டுமே."

"ரெண்டு பேர்கிட்ட சாவி இருந்தா மறுபடியும் அடிதடிதான். இன்னொரு மண்டை உடையணுமா?" அவர் குரல் தணிந்தது. "ஆமா, கேள்வி கேட்டாங்களே உங்க தங்கச்சி, அவங்க எந்த மாடி?"

குழாய்க்காரர் பூட்டிய பெட்டியைப் பார்த்தார். உள்ளே ஒவ்வொரு வால்வின் மேலும் மாடி எண்ணை அவரே பெயிண்டில் எழுதியிருந்தார். பையனின் தலையில் போட்டிருந்த கட்டு அவர் கண்ணிலேயே நின்றது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கடைக்காரரின் கையில் வைத்தார்.